சீல் வைத்த தாள்

ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு சித்திரை பிறந்தும் அந்தக் கம்ப்யூட்டரின் நெற்றியில் அப்படியே இருந்தது. யாராவது தொட்டால்தானே அழிவதற்கு? சுருளி அருவிக்குப் போகிற பாதையில் உள்ள அந்த ஊர்க் கிளை நூலகத்துக்கு அது வந்து இறங்கிய அன்று பூமாலை போட்டார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். அப்போதிருந்த நூலகர் பூப்போட்ட துணியில் அதற்கு ஓர் உறை தைத்தார். மாதம் ஒருமுறை உறையைத் துவைத்துப் போடுவதோடு தன் கணினிக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டு ஓய்வும் பெற்றார்.

அவர் இடத்தில் பூமாரி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் செய்த முதல் காரியம், அந்த உறையை உருவி மேசை துடைக்க வைத்துக்கொண்டது.

அவள் அப்படித்தான். அம்மா திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவள். வீட்டில் மட்டுமல்ல, தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் பூமாரி. வாங்குவதற்குள் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒவ்வொரு வாசலில் நின்றவள். அதனால் படிப்போடு கோபமும் சேர்ந்தே வந்திருந்தது. நூலக அறிவியல் படித்தேன் என்றால், "புத்தகத்த எடுத்துக் குடுக்கறதுக்கா ஆத்தா இம்புட்டுப் படிப்பு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

"கேட்டா என்ன, அவுக தெரியாமத்தான கேக்காக?" என்பார் கோட்டைச்சாமி. தோட்டத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்கிற ஆள். பேப்பரில் ஒரு வரி விடமாட்டார். கண்ணீர் அஞ்சலி விளம்பரம்கூட முழுக்கப் படிப்பார்.

"தெரியாமக் கேக்கலாம் பெரியப்பா. தெரிஞ்ச மாதிரி கேக்கக் கூடாது."

"அது சரி. அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

"எல்லாம் இருக்கு. அதுதான் பிரச்சனை."

அந்த பதிலின் அர்த்தம் அவளுக்கே அப்போது முழுசாகத் தெரியாது. தெரிந்தது 2009 ஆனி மாதத்தில், அம்சத் பீவி தன் மகள் ஷர்மினைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான்.

ஒரு திங்கட்கிழமை. அம்சத் பீவி வாசற்படியிலேயே நின்றாள். புருஷன் குமுளிக்கு அந்தப்பக்கம் காய்கறி ஏற்றிப்போய் விற்கிறவர். வாரத்தில் பாதி நாள் மலைக்கு மேலேதான். வீட்டையும் கணக்கையும் ஆட்டுக்குட்டிகளையும் இவள்தான் மேய்க்கிறாள். யாருக்கும் பயந்தவள் இல்லை, ஆனால் நூலகத்துக்குள் பெண்கள் போவார்களா என்று அவளுக்குச் சந்தேகம்.

"உள்ள வாங்க பீவிம்மா. கடிச்சிற மாட்டேன்."

"இங்கன நெட்டுல காலேஜ் பாக்கலாம்னு சங்கிலி சொன்னாக. ஷர்மினு நர்ஸுக்குப் படிக்கணும்ங்கா. பெங்களூர்ப் பக்கத்துல ஒரு காலேஜாம்." மகளின் கையிலிருந்த துண்டுச்சீட்டைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். அதில் ஆங்கிலத்தில் ஒரு வெப்சைட் முகவரி. வொய்ட் லேம்ப் நர்ஸிங் கல்லூரி.

சங்கிலி பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். எஸ்டிடி பூத்துக்கு ஆள் வருவது நின்ற பிறகு, கடைக்கு மேலே 'கல்வி ஆலோசனை' என்று ஒரு போர்டும் மாட்டியிருந்தான்.

பூமாரி முகவரியைத் தட்டினாள். பக்கம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. முதலில் வானம். பிறகு வெள்ளைக் கட்டடம். பிறகு கையில் விளக்கோடு வெள்ளுடுப்புப் பெண்கள். அதற்கும் கீழே ஆய்வுக்கூடம், விடுதி, நூலகம் என்று சின்னச் சின்னப் படங்கள்.

"மாஷா அல்லா," என்றாள் அம்சத் பீவி. "எம்புட்டு சுத்தமா இருக்கு பாருடி. ஒங்க அத்தா வந்தா காட்டணும். ஆத்தா, இத ஒரு தாள்ல எடுத்துத் தருவியா?"

பூமாரி பிரிண்ட் கொடுத்தாள். தாள் வெளியே வந்தது. அவள் கை தானாகப் போய் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, இங்க் பேடில் ஒரு தட்டு, தாளில் ஒரு குத்து. ஊதா நிறத்தில் வட்டமாக, நூலகத்தின் பெயரோடு சீல் விழுந்தது.

ஏன் குத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் கிடையாது. நூலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் கை அப்படி. காலையில் பேப்பர் வந்தால் சீல், வாரப் பத்திரிகைக்குச் சீல், புதுப் புத்தகத்துக்கு முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும், நடுவே திருடன் கண்ணில் படாத ரகசியப் பக்கத்திலும் சீல். மேசையைத் தாண்டுகிற காகிதம் எதுவானாலும் குத்துகிற கை அது.

"சீலெல்லாம் வச்சுக் குடுத்திருக்கியே! நல்லா இருப்ப ஆத்தா," என்று தாளைச் சேலைத் தலைப்பில் துடைத்து மடித்துக்கொண்டு போனாள் அம்சத் பீவி. ஷர்மின் மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி, அந்தத் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை பூமாரி ஏதோ ஜெராக்ஸ் எடுக்க சங்கிலி கடைக்குப் போனாள். கவுண்டருக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில், அவளுடைய தாள் தொங்கியது. அம்சத் பீவி காட்டப்போய் அவன் வாங்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். லேமினேஷன் செய்து, மேலே ஓட்டை போட்டு, நூல் கட்டி. கறுப்பு வெள்ளையில் கல்லூரியும், அதன் மேல் ஊதாவில் அவள் குத்திய சீலும்.

கவுண்டரில் பஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளும் தோட்ட வேலைக்குப் போகிறவள்தான். மகள் அபிதா ஷர்மினோடு படித்தவள். சங்கிலி அவளுக்கு விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

"பாருங்க மதினி. இது நான் சொல்றதில்ல. நம்மூரு லைப்ரரியே சீல் வச்சுக் குடுத்திருக்கு. கவருமெண்டு சீலு. இதுக்கு மேல என்ன வேணும்? ஒரிஜினல் மார்க் சீட்டு, டிசி ரெண்டையும் இன்னைக்கே குடுத்துருங்க. சனிக்கிழமை சாயந்தரம் பெங்களூரு பஸ்ல நானே கொண்டுபோயி ஒப்படைக்கேன்."

பஞ்சம்மாள் இடுப்பிலிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தாள். மேசை டிராயர் திறந்தது, கவர் உள்ளே போனது, டிராயர் மூடியது. பூமாரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஒரிஜினல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அவளும் ஒரு காலத்தில் தெரியாத்தனமாக ஒரு கல்லூரியில் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு, அது பிடிக்காமல் வெளியே வர நினைத்து, டிசி கிடைக்காமல் முழுசாக ஒரு வருஷம் அம்மாவோடு குலை வெட்டியவள். காகிதத்தை வைத்திருக்கிறவன் பிள்ளையையும் வைத்திருக்கிறான். மற்றதெல்லாம் பேச்சு.

பஞ்சம்மாள் போனதும் பூமாரி சொன்னாள்: "சங்கிலியண்ணே, அந்தத் தாள எடுங்க."

"ஏன் ஆத்தா? நீ வச்ச சீல்தான?"

"நெட்டுல இருந்தத இருந்தபடி எடுத்துக் குடுத்தேன். நல்ல காலேஜுன்னு நான் சொல்லல."

"அப்ப கெட்ட காலேஜா?"

பூமாரி தாளை எடுக்கக் கவுண்டரைத் தாண்டிக் கை நீட்டினாள். எட்டவில்லை.

"சொல்லு ஆத்தா. நல்லதா, கெட்டதா? நீ படிச்சவ."

"தெரியாது," என்றாள். சொல்லும்போதே நாக்குக் கசந்தது. இத்தனை வருஷப் படிப்பில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அவள் மாய்ந்து மாய்ந்து படித்தது.

"தெரியலைன்னா சும்மா இரு," என்று சங்கிலி அடுத்த ஜெராக்ஸுக்குத் திரும்பிவிட்டான்.

அவள் நூலகத்துக்கு நடந்து வரவில்லை, ஏறக்குறைய ஓடி வந்தாள். கோபம் பாதி சங்கிலி மேல். மீதிப் பாதியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. படிக்கும்போது ஒரு பாடம் உண்டு: வாசகர் முதலில் கேட்பது அவருடைய உண்மையான கேள்வி இல்லை, திருப்பிக் கேட்டுக் கேட்டு அதை வெளியே கொண்டுவர வேண்டும். அதில் அவளுக்கு நல்ல மார்க். அம்சத் பீவி வந்தபோது அவளிடம் இவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவள் பிரிண்ட் கேட்டாள், இவள் கொடுத்தாள், குத்தினாள். அதைத்தான் ஜெராக்ஸ் கடையும் செய்கிறது.

சரி, தெரியாது. தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். முதலில் நர்ஸிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியல். பெயர் இல்லை. ஆனால் அது போன வருஷப் பட்டியல். 'புதுக் காலேஜும்மா, அடுத்த பட்டியல்ல வரும்' என்று சங்கிலி சொல்வான். அப்படி வந்தாலும் வரும். பிறகு கல்லூரியின் பக்கத்தில் இருந்த முதல்வர் செய்தியைப் படித்தாள். 'சிரித்த முகத்தோடு விருந்தினரை வரவேற்கும் பண்பை எங்கள் மாணவர்களிடம் வளர்க்கிறோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. விருந்தினரா? ஆஸ்பத்திரிக்கா? அந்த வரியை அப்படியே எடுத்து, முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டுத் தேடினாள். அச்சு அசலாக அதே செய்தி இன்னோரிடத்தில் இருந்தது. ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி.

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். கோட்டைச்சாமி பேப்பரைத் தாழ்த்தினார்.

"என்ன ஆத்தா, பொட்டி ஜோக்கு சொல்லுதா?"

அவள் படித்து, தமிழில் சொன்னாள்.

"அப்ப நோயாளி வந்தா ரெண்டு இட்லியும் வடையுமா?" என்றார். அவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

சிரிப்பு வந்தாலும் கேள்வி தீரவில்லை. பேச்சைத் திருடினார்கள், சரி. நல்ல கல்லூரிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. அவள் படித்த கல்லூரியின் ஆண்டு மலரே அப்படி வந்ததுதான். இதை வைத்துக்கொண்டு பஞ்சம்மாளின் கவரை டிராயரிலிருந்து வெளியே எடுக்க முடியாது.

படங்களைப் பார்த்தாள். வேறு எதையும்விட நூலகப் படத்தில்தான் கண் போனது. இனம் இனத்தோடு. வரிசையாக அலமாரிகள், ஒரு ஸ்டூல், ஒரு ஜன்னல். திரையில் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, சேமி என்று கொடுத்தாள்.

கரண்ட் போனது. யுபிஎஸ் வீல் வீலென்று கத்தத் தொடங்கியது.

"பொட்டி அழுகுது ஆத்தா!"

"அழட்டும்." படம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. யுபிஎஸ்ஸின் குரல் மாறியது. கோடு முடிந்ததும் அவள் கம்ப்யூட்டரை நிறுத்தினாள். பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். கோட்டைச்சாமியும் காத்திருந்தார். அன்றைக்குக் கண்ணீர் அஞ்சலி பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

கரண்ட் வந்து படத்தைத் திறந்தபோது, அது திரைக்குள் அடங்கவில்லை. வெப்சைட்டில் சுருக்கிக் காட்டியிருக்கிறார்களே தவிர, படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். நகர்த்தி நகர்த்திப் பார்க்கும் அளவுக்குப் பெரிசு. புத்தகங்களின் முதுகு தெரிந்தது. முதுகில் ஒட்டிய வெள்ளைச் சீட்டு தெரிந்தது. சீட்டில் எழுதிய எண் தெரிந்தது.

345. அடுத்தது 345. 346. 347. தட்டு தட்டாக இறங்கிப் பார்த்தாள். எல்லாமே முந்நூற்று நாற்பதுகள்.

"பெரியப்பா," என்றாள் மெதுவாக. "நர்ஸ் படிக்கறவகளுக்குக் கிரிமினல் சட்டம் எதுக்கு?"

"ஊசி போட்டு ஆளு போயிட்டா கேஸு நடத்தணும்ல?"

"வெளையாடாதீக. உலகத்துல எந்த லைப்ரரில வேணா போயிப் பாருங்க, இந்த முறைல நம்பர் போட்டிருந்தா 340 சட்டம், அதுல 345 கிரிமினல். வைத்தியம் 610. நர்ஸிங்கும் அதுக்குள்ளதான். இதுல ஒரு 610கூட இல்ல. இது சட்டக் காலேஜ் லைப்ரரி."

கோட்டைச்சாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா. புத்தகத்துக்கு முதுகுல நம்பரா? இத்தன வருசமா வாரேன், நான் பாத்ததே இல்லையே."

"நீங்க பேப்பர் தவிர எதத் தொட்டீக?"

இப்போது அவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரே ஒரு ஆசைதான் அரித்தது: இது யாருடைய நூலகம்? அந்த ஸ்டூல் யாருடையது? படத்தைக் கொடுத்துத் தேடினால் சொந்தக்காரனைக் காட்டுகிற வசதி எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவளோடு நூலக அறிவியல் படித்தவர்கள் ஊருக்கு ஒருவராக ஏதேதோ நூலகங்களில் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு மெயில் குழு. அதில் கல்யாணப் பத்திரிகை தவிர ஒன்றும் வராது. பூமாரி படத்தை அதில் போட்டாள். 'இது யார் அலமாரி? சனிக்கிழமைக்குள் தெரிய வேண்டும். ஒரு பிள்ளையின் படிப்பு' என்று எழுதினாள்.

வியாழக்கிழமை பதில்கள் வந்தன. 'எங்களது இல்லை, எங்கள் ஸ்டூல் பச்சை.' 'எங்கள் அலமாரியில் இவ்வளவு இடம் ஏது?' 'இரண்டாவது தட்டில் 346க்கு முன்னால் 347 வைத்திருக்கிறாளே, யார் அந்தப் புண்ணியவதி?' ஒருத்தரும் உரிமை கொண்டாடவில்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. பூமாரி பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். சொர்ணலதாவின் பதில் வந்திருந்தது. மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தில் ஒரு சட்டக் கல்லூரியில் நூலகராக இருக்கிறவள்.

'ஏண்டி, இது என் அலமாரி! அந்தப் புண்ணியவதி நான்தான், 347ஐ மாத்தி வச்சது எங்க அட்டெண்டர். அந்தச் சீட்டெல்லாம் என் கையெழுத்து. எங்க வெப்சைட்டுல போட்ட படம். எவன் எடுத்தான்?' கூடவே ஒரு புதுப் படம், போனில் எடுத்தது. அதே ஜன்னல், அதே ஸ்டூல். அலமாரியில் கை வைத்துக்கொண்டு சொர்ணலதா முறைத்துப் பார்த்தாள்.

பூமாரி இரண்டு படத்தையும் பிரிண்ட் எடுத்தாள்.

சனிக்கிழமை காலை, அம்சத் பீவியும் ஷர்மினும் சங்கிலி கடைக்குப் போகிற வழியில் பிடித்து உள்ளே கூப்பிட்டாள். ஷர்மின் கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே மார்க் சீட்டு.

"பீவிம்மா, அன்னைக்கு நான் ஒண்ணு கேக்காம விட்டுட்டேன். ஒங்களுக்கு என்ன தெரியணும்?"

"அதான் காட்டினியே. நல்ல காலேஜான்னு..."

"நல்ல காலேஜ்னா?"

அம்சத் பீவி யோசித்தாள். "படிச்சு முடிச்சு வந்தா ஆஸ்பத்திரில இவள நர்ஸுன்னு எடுத்துக்கணும். பிள்ளைக்கு அங்கன புடிக்கலைன்னா பத்திரமாத் திரும்பி வரணும். வேற என்ன?"

"இந்த ரெண்டுக்கும் நான் குடுத்த தாள்ல பதில் இருந்துச்சா?"

அம்சத் பீவி மகளைப் பார்த்தாள். ஷர்மின்தான் சொன்னாள்: "இல்லக்கா. படம் மட்டுந்தான் இருந்துச்சு."

பூமாரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எண்களைக் காட்டினாள். ஹோட்டல் கதையைச் சொன்னாள். "காலேஜே பொய்யின்னு என்னால சொல்ல முடியாது. பட்டியல்ல பேரு இல்ல, ஆனா பட்டியல் பழசு. பேச்சு திருட்டுப் பேச்சு. லைப்ரரி திருட்டு லைப்ரரி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அம்சத் பீவியின் முகம் சிவந்தது. "இந்தத் தாள்லயும் சீல் வச்சுக் குடு ஆத்தா. கொண்டுபோயி சங்கிலி மூஞ்சில ஒட்டறேன்."

பூமாரியின் கை ஸ்டாம்பைத் தொட்டுவிட்டது. எடுக்கவில்லை.

"சீல் கிடையாது பீவிம்மா."

"ஏன்?"

"போன தடவ எல்லாரும் சீலத்தான பாத்தோம்? படத்த யாரு பாத்தா? நானே பாக்கலையே."

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். சங்கிலி. டீக்கடையில் கோட்டைச்சாமி இட்லி வடைக் கதையை அவிழ்த்துவிட்டிருந்தார் போல. பஞ்சம்மாள் கவரைத் திருப்பிக் கேட்டு அவன் கடையில் வந்து நின்றிருக்கிறாள்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடணும்னே வந்தியா?" என்று மேசையில் ஓங்கி அடித்தான். "நான் பத்தாவது பெயிலு. எனக்கு என்ன தெரியும்? காலேஜ்காரவுக வந்தாக, வெப்சைட்டு காட்டினாக. எனக்கும் சந்தேகம் இருந்துச்சு ஆத்தா, இல்லன்னு சொல்லல. பெறகு நீ சீல் வச்சுக் குடுத்த. லைப்ரரியே வச்சுட்டாக, இனி என்னன்னு எங்கக்கா மக சர்டிபிகேட்டையும் வாங்கி டிராயர்ல வச்சிருக்கேன். இப்ப வந்து தெரியாதுங்குற!"

பூமாரி திருப்பிக் கத்தத்தான் எழுந்தாள். ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தள்ளுவதற்கு இல்லை.

"தப்பு என்னுதுதான்," என்றாள். "உக்காருங்க. நீங்களே பாருங்க."

அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே திரையைப் பார்த்தான். ஷர்மின் அதற்குள் மவுஸைக் கையில் எடுத்திருந்தாள். யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். படத்தைத் தட்டு தட்டாக நகர்த்திக் காட்டினாள்.

"சங்கிலி மாமா, காலேஜுக்குப் போன் போடுங்களேன். சத்தமா வையிங்க. ஒண்ணு கேக்கணும்."

அவன் பூமாரியைப் பார்த்தான். அம்சத் பீவியைப் பார்த்தான். போனை எடுத்து நம்பரை அழுத்தி மேசை மேல் வைத்தான்.

"ஹலோ, சங்கிலி சாரா? கிளம்பிட்டீங்களா?" பெங்களூர்க் குரல் குளுகுளுவென்று இருந்தது.

"சார், நான் ஸ்டூடண்ட் பேசறேன்," என்றாள் ஷர்மின். "லைப்ரரி எந்த மாடில சார்?"

"செகண்ட் ஃப்ளோர்மா. பெரிய லைப்ரரி. வெப்சைட்ல பார்த்திருப்பியே."

"பாத்தேன் சார். அதுல நர்ஸிங் புக்கு எந்த அலமாரில சார்? எல்லாத்துலயும் லா புக்குதான் இருக்கு."

பெங்களூர்க் குரலில் குளுகுளுப்பு குறைந்தது.

"அதெல்லாம் இங்க வந்து பாத்துக்கலாம்மா. முதல்ல ஒரிஜினல் அனுப்பு."

"வந்து பாத்துட்டு ஒரிஜினல் தாரேனே சார்? இப்ப ஜெராக்ஸ் தாரேன்."

"சீட் வேணுமா வேணாமா?"

"காலேஜ் எங்க இருக்கு சார்? கட்டடம் இருக்கா?"

போன் நின்றது. சங்கிலி எடுத்து மறுபடி அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தரம் சுவிட்ச் ஆஃப்.

சங்கிலிக்குப் பின்னாலேயே வந்து பேப்பரோடு உட்கார்ந்திருந்த கோட்டைச்சாமி அதை மடித்து வைத்தார். சங்கிலி போனைச் சட்டைப் பையில் போட்டான். வாசல் வரைக்கும் போனான்.

"பஞ்சம்மா மதினியக் கடைக்கு வரச் சொல்லுங்க பெரியவரே. எல்லாருதும் டிராயர்லதான் இருக்கு," என்று கோட்டைச்சாமியிடம் சொன்னான். பூமாரி பக்கம் திரும்பாமல் படி இறங்கினான்.

சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தவன், லேமினேஷன் போட்ட அந்தத் தாளை நூலோடு கொண்டுவந்து மேசையில் எறிந்தான். "ஒன் தாளு. நீயே வச்சுக்க."

நூலகத்தில் இன்னொரு ஸ்டாம்பு உண்டு. கிழிந்த, பழைய புத்தகங்களைக் கழிக்கும்போது குத்துவது: 'நீக்கப்பட்டது'. பூமாரி அதைத் தேடி எடுத்து, இங்க் பேடில் அழுத்தி, தாளின் மேல் ஓங்கிக் குத்தினாள். பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை. எழுத்து வழுக்கி, வெள்ளுடுப்புப் பெண்கள் மேல் ஊதாவாக இழுவிக்கொண்டு போனது. அடியில் பழைய சீல் மட்டும் தெளிவாக, பத்திரமாக இருந்தது. அவள் உள்ளங்கையால் தேய்த்தாள். கைதான் ஊதாவானது.

"விடு ஆத்தா," என்றார் கோட்டைச்சாமி. "அத அப்படியே போர்டுல மாட்டு. பக்கத்துல அந்த மொறைக்கிற பிள்ள படத்தயும் மாட்டு. பாக்கறவுக பாத்துக்கிடட்டும்."

மாட்டினாள்.

அம்சத் பீவி பெண்கள் பகுதி பெஞ்சில் உட்கார்ந்து, "அப்ப இவ எங்கனதான் படிக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டாள். யாரும் பதில் சொல்லும் முன்னால் ஷர்மின் கவரை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அக்கா, அந்தக் கவுன்சில் பட்டியல் இந்த வருசத்துக்கு எப்ப வரும்? அதக் கேக்கணும்னா யாருக்கு எழுதணும்? இன்னொண்ணு, ஒரு வெப்சைட்ட யாரு ஆரம்பிச்சான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"மொத ரெண்டும் தெரியும். மூணாவது தெரியாது," என்றாள் பூமாரி. இந்த முறை நாக்குக் கசக்கவில்லை. ஊதாக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டாள். "நகரு, பாப்போம்."